தோற்ற இரவில் நான் பேசியிருக்கக் கூடாது

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையே, தென்கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்து வருகிறேன். கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணி வரை ஆடியவள். திருமணத்திற்குப் பிறகு ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பயிற்சியாளருக்கான படிப்போ சான்றிதழோ என்னிடம் இல்லை. 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு போட்டிகளில் தொடர்ந்து தோற்றோம். அந்த நான்கு மாதங்களில் 52,000 ரூபாய் செலவானது, மூன்று பிள்ளைகள் அணியை விட்டுப் போனார்கள், என் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. எப்படிப் பாடிப் போவது, எப்படிக் கணுக்காலைப் பிடிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். தோற்றுவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பிள்ளைகளிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சிற்றூர்களில் என்னைப் போல் தனியாக அணி நடத்துகிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் அணியில் பதினைந்து வயது முதல் இருபது வயது வரை உள்ள பிள்ளைகள் ஆடுகிறார்கள். எல்லோருக்கும் நான் அக்காதான். அப்பாமார் பெரும்பாலும் நாட்டுப்படகிலோ விசைப்படகிலோ கடலுக்குப் போகிறவர்கள். அம்மாமாரில் பலர் கடற்பாசி எடுக்கிறவர்கள். எங்கள் ஆடுகளம் பனைகளுக்குக் கீழே கிடக்கும் கடற்கரை மணல். காலையில் ஐந்தரை மணிக்கு ஒரு மணி நேரமும், பள்ளி கல்லூரி முடிந்து வந்த பிறகு வெளிச்சம் இருக்கும் வரையிலும் ஆடுவோம். மணலில் ஆடிய கால் வலுவாக இருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், அது உண்மைதான். ஆனால் மேட் விரித்த களத்தில் அதே கால் சட்டென்று திரும்பத் தெரியாமல் திணறும். மணலில் விழுந்தால் வலிக்காது என்பதால் விழப் பழகிய பிள்ளைகள் மேட்டில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள். இதை நான் முதல் போட்டிக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அந்த முதல் போட்டி ஜனவரி 18ஆம் தேதி, பொங்கலை ஒட்டிப் பரமக்குடிப் பக்கம் நடந்தது. முதல் சுற்றிலேயே 14–31 என்று வெளியேறினோம். இரண்டாவது பிப்ரவரி 16ஆம் தேதி, ராமநாதபுரத்திலேயே. காலிறுதி வரை போய் 19–26 என்று தோற்றோம். இந்த இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது அணி, பழகிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பழகிக்கொள்ள வேண்டியது என்ன என்று அப்போதே உட்கார்ந்து பார்த்திருந்தால் பின்னால் வந்த பாதித் துன்பம் வந்திருக்காது.

மூன்றாவது, மார்ச் 30ஆம் தேதி சிவகங்கை மாவட்டத்தில் நடந்த மின்னொளிப் போட்டி. அரையிறுதி தொடங்கும்போது இரவு பதினொன்றரை மணி. பெண்களுக்குப் பதினைந்து நிமிடம் கொண்ட இரண்டு பாதி. இரண்டாம் பாதியில் இரண்டு நிமிடத்திற்கும் குறைவாக இருந்தபோது நாங்கள் 27–23 என்று முன்னிலையில் இருந்தோம். ஆனால் களத்தில் எங்கள் பிள்ளைகள் மூவர்தான் மிச்சம். எதிரணி ரைடர், அதாவது பாடி வருகிறவள், உள்ளே வந்தாள். மூவர் மட்டும் நிற்கும்போது விலகி விலகி நின்று அந்த முப்பது வினாடியைக் கழித்திருக்க வேண்டும். எங்கள் வலது கார்னர், அதாவது வலது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள், கணுக்காலுக்குப் பாய்ந்தாள், துணைக்கு இன்னொருத்தி பாய்ந்தாள், ரைடர் இருவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் கை வைத்துவிட்டாள். 27–25. மிச்சமிருந்த ஒருத்தி பாடிப் போனாள். ஏழு பேருக்கு நடுவே போய்ப் பிடிபட்டாள். பிடித்ததற்கு ஒன்று, அணி முழுக்க வெளியேறிய ஆல் அவுட்டுக்கு இரண்டு, ஆக மூன்று புள்ளிகள். 27–28. அடுத்த ரைடில் அவர்கள் சும்மா வந்து நேரத்தைக் கழித்துவிட்டுப் போனார்கள். கடைசி முப்பது வினாடியில் எங்கள் முதல் ரைடர் போனாள், கையை நீட்டினாள், எட்டவில்லை, வெறுங்கையோடு திரும்பி வந்தாள். விசில் ஊதிவிட்டார்கள். இதில் வெட்கப்பட வேண்டியது நான்தான். ஒவ்வொரு பாதியிலும் ஒரு அணி முப்பது வினாடி வீதம் இரண்டு முறை டைம் அவுட் கேட்கலாம். அந்தப் பாதியில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தேன். மைக் செட்டு சத்தத்தில் அது பிள்ளைகள் காதில் விழுந்திருக்கவும் வழியில்லை.

அடுத்து நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அணியை உடைத்தவை இவைதான். அரையிறுதியில் தோற்ற இரு அணிகளுக்கும் மூன்றாம் பரிசாகக் கோப்பையும் 3,000 ரூபாயும் உண்டு. பரிசளிப்பு வரை இருக்க மனமில்லாமல் பிள்ளைகளைக் கிளப்பி வேனில் ஏற்றினேன். சாப்பாடு வாங்கித் தரவில்லை. மாலை ஆறு மணிக்குத் தின்ற வாழைப்பழமும் பிஸ்கட்டுமே அவர்கள் வயிற்றில் இருந்தன. வேனில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். வலது கார்னரின் பெயரைச் சொல்லி, எல்லோர் முன்னாலும், உன்னால்தான் போனது என்றேன். முதல் ரைடரைப் பார்த்து, உடம்பை வளைக்காமல் நோகாமல் ஆட வந்தாயா என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிகாலை மூன்றரை மணி. அப்போதும் அடங்காமல், போட்டியை எடுத்திருந்த வீடியோவில் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே நான்கு குரல் பதிவுகளும் அனுப்பினேன். அந்தக் குழுவில் சில பிள்ளைகளின் அண்ணன்மாரும் இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு நினைவில் இல்லை. காலை ஆறு மணிக்குள் அந்த வீடியோ ஊருக்குள் சுற்ற ஆரம்பித்திருந்தது. மறுநாள் மாலை மணலில் பத்துச் சுற்று ஓடச் சொன்னேன். தண்டனை என்று சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது தண்டனை என்று தெரியும். வலது கார்னர் அன்றே வரவில்லை.

இந்த அவமானத்தைக் கழுவ வேண்டும் என்று ஏழே நாளில் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். கையில் பணம் இல்லாததால் வளையல்களை அடகு வைத்து 45,000 வாங்கினேன். அது ஏப்ரல் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட நாள். எங்கள் பக்கத்து மக்கள் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, நாங்கள் எதிர்த்திசையில் புதுக்கோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வேனில் அணியின் இளையவள் மெதுவாக, “அக்கா, நாமளும் பாலம் பாக்கப் போயிருக்கலாம்ல” என்றாள். நான் அவளை முறைத்தேன். ஏற்கெனவே நாங்கள் ஒருமுறை வென்ற அணியிடம் அன்று 11–35 என்று தோற்றோம். எதிராளி உள்ளே வந்தால் எவளும் பிடிக்கப் பாயவில்லை. பாய்ந்து தவறினால் என்ன நடக்கும் என்று ஒரு வாரத்திற்கு முன்புதான் எல்லோரும் பார்த்திருந்தார்களே. திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த வாரத்திற்குள் இன்னும் இருவர் நின்றுகொண்டார்கள்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து முதல் போட்டிக்கு 8,200, பேருந்தில் போய்வந்ததால் இரண்டாவதற்கு 3,100, மூன்றாவதற்கு 11,400, நான்காவதற்கு 12,300. ஆக 35,000. மேட்டுக்கு ஏற்ற ஷூ பன்னிரண்டு ஜோடி, ஜோடி 1,050 வீதம் 12,600. முழங்காலுக்கும் ஒரு விரல் முறிவுக்கும் மருத்துவச் செலவு 4,400. கைக்கு வந்தது ஒரு காசு இல்லை. வரவேண்டிய 3,000-ஐயும் என் கோபம் தொலைத்தது. என்னைப் போல் சொந்தப் பணத்தில் அணி நடத்துகிறவர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே இத்தனை போட்டி, இத்தனை ரூபாய் என்று ஒரு வரம்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற வாரத்தில் அந்தத் தாளைத் திருத்தாதீர்கள். என் நான்காவது போட்டியை நான் திட்டமிடவே இல்லை, கோபத்தில் முடிவு செய்தேன். அது மட்டுமே கிட்டத்தட்ட கால் பங்குச் செலவை விழுங்கியது. ஷூவையும் போட்டிக்கு முந்தைய நாள் வாங்கி மாட்டிவிடக் கூடாது. குறைந்தது மூன்று வாரம் போட்டுப் பழகிய ஷூ இல்லையென்றால், விதிமுறை இடம் கொடுக்கும் இடங்களில் வெறுங்காலோடு ஆடுவதே மேல். எங்கள் பிள்ளைகளின் பாதக் கொப்புளங்கள் கற்றுக்கொடுத்த பாடம் இது.

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. கரையில் ஆண்கள் வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஊரில் பணப்புழக்கம் குறைந்துவிடும். நானும் பயிற்சியை நிறுத்திவிட்டேன். நிறுத்துகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, காலையில் எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். பதினாறு நாள் கடையிலேயே கிடந்தேன். வீட்டுக்காரர் வளையலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் வலித்தது. நாம் ஆடிய காலத்தில் தோற்றால் நம் தோல்வி. பயிற்சியாளராகத் தோற்கும்போது, நம் பேச்சைக் கேட்டு ஆடிய பிள்ளைகள் தோற்றதாகவும், அவர்களால் நாம் தோற்றதாகவும் மனம் மாறி மாறிச் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் கேட்டது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

பதினேழாம் நாள் வலது கார்னரின் அம்மா கடைக்கு வந்தார், ஆதார் நகல் எடுக்க. எடுத்துக் கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டு நின்றார். “ஏத்தா, கரவலை இழுக்குறவுக ஒரு பாடு மீனு படலைன்னா இழுத்தவுகளையா வைவாக? வலையில எங்க பொத்தல்னுல்ல பாப்பாக” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “தப்புத்தான்க்கா” என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசாமல், மகள் ராத்திரியில் தூங்குவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போனேன். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. அறிவுரை சொல்லப் போகவில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் என்ன செய்தாய், என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டேன். முதல் ரைடர் வீட்டில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் நன்றாக வற்றும் என்பதால், பாசி எடுக்கும் பெண்கள் அந்த நாள்களைக் கணக்குப் பண்ணித்தான் இறங்குவார்கள். அப்பா கால் முறிந்து கிடந்ததால் அவளும் அம்மாவோடு இறங்கியிருக்கிறாள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், பாறையைத் தடவித் தடவி ஐந்தாறு மணி நேரம். காலண்டரைக் கொண்டுவரச் சொன்னேன். ஜனவரி 13 பௌர்ணமி, 18ஆம் தேதி போட்டி. பிப்ரவரி 12 பௌர்ணமி, 16ஆம் தேதி போட்டி. மார்ச் 29 அமாவாசை, மறுநாள் அரையிறுதி. மூன்று முறையும் அந்தப் பிள்ளை நாலு நாள் கடலில் கிடந்துவிட்டு, அறுபட்ட உள்ளங்காலில் துணி சுற்றி ஷூவை மாட்டிக்கொண்டு எனக்காக ஆடியிருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் நோகாமல் ஆட வந்தாயா என்று கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “சொன்னா எடுத்துருவீகன்னு நெனச்சேன்க்கா” என்றாள். நான்காவது போட்டியின் தோல்விக்கு மட்டும் கடல் வற்றியதைக் காரணம் சொல்ல முடியாது. அன்று அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை.

மற்ற வீடுகளிலும் இதுபோல் சிறிது சிறிதாக வந்தது. ஒருத்திக்கு மூன்றாவது போட்டி நாளில் மாதவிலக்கு. மாற்றத் துணியும் இல்லை, கேட்க வெட்கம். இப்போது என் பையில் நாப்கினும், வலிக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையும், ஒரு கறுப்பு மாற்றுக் கால்சட்டையும் எப்போதும் இருக்கின்றன. இன்னொருத்தி காலை உணவே உண்பதில்லை. பெண் பிள்ளைகள் அணி நடத்துகிறவர் ஆணாக இருந்தால் ஊரில் ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நான் பெண்ணாக இருந்தும் என்னிடமே இவர்கள் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மே மாத இரண்டாம் வாரம் எல்லோரையும் களத்துக்கு வரச் சொன்னேன். விட்டுப் போன மூவரையும் வீட்டுக்குப் போய் அழைத்தேன், இருவர் வந்தார்கள். வலது கார்னரிடம், வேனில் நான் பேசியது தவறு, டைம் அவுட் கேட்காதது என் பிழை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோர் முன்னாலும் வைதுவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது சரியான கணக்காகாது என்று தோன்றியது. சொல்லி முடித்தபோது யாரும் அழவில்லை, ஒருத்தி கொட்டாவி விட்டாள். வலது கார்னர் என்னைப் பார்க்காமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுத்த பத்து நாளும் தேவைக்கு மேல் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்ட அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள், அந்தப் பத்து நாளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் வலையில் பொத்தல் எங்கே என்று பார்க்க உட்கார்ந்தேன். முதல் மூன்று போட்டிகளின் வீடியோ என் கைப்பேசியில் இருந்தது, நான்காவதை எடுக்க எனக்கு மனமில்லை. கேப்டனும் நானும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு புள்ளியையும் எழுதினோம்: எந்த நிமிடம், களத்தில் நம் ஆள் எத்தனை பேர், எப்படிப் போனது. மூன்று போட்டியிலும் சேர்த்து 85 புள்ளிகள். அவற்றில் 37 புள்ளிகள் இரண்டு பாதிகளின் கடைசி ஐந்து நிமிடத்தில் போனவை. களத்தில் மூவரோ அதற்குக் குறைவோ இருந்தபோது பிடிக்கப் பாய்ந்து கெட்டதும், அதன் வால்பிடித்து வந்த ஆல் அவுட்டும் மட்டுமே 22. அதுவரை எங்கள் ரைடு சரியில்லை என்றே நான் நம்பியிருந்தேன், பயிற்சி நேரத்தில் முக்கால் பங்கை ரைடுக்கே கொடுத்திருந்தேன். கோபமாக வீடியோ பார்க்கும்போது நாம் எதைப் பார்க்க விரும்புகிறோமோ அதுதான் தெரியும், கட்டம் போட்டு எண்ணும்போதுதான் மற்றது தெரிகிறது. இதற்கு மூன்று நாள் மாலை நேரமும் முப்பது ரூபாய் நோட்டும் போதுமானவையாக இருந்தன.

எண்ணிக்கை வந்த பிறகு பயிற்சியை மாற்றினோம். ஒவ்வொரு நாளும் கடைசி இருபது நிமிடம் அதே 27–23, அதே மூவர், இரண்டு நிமிடம் என்று வைத்து ஆடினோம். முதல் வாரம் அந்த எண்களைச் சொன்னாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். மூன்றாம் வாரத்தில் ‘இருபத்தேழு’ என்பது அணிக்குள் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. டீ சிந்தினாலும் இருபத்தேழு என்றார்கள். களத்தில் கத்துவதை எதிரணி புரிந்துகொள்ளாதிருக்கக் காற்றின் பெயர்களைக் குறிச்சொல்லாக வைத்தோம். வாடை என்றால் தொடாதே, விலகி நின்று நேரத்தைக் கழி. கச்சான் என்றால் வலது கார்னர் முதலில் பாய, துணைக்குப் பிடிக்கும் கவர் பின்னால் வர வேண்டும். கொண்டல் என்றால் ரைடர் எதிரணிப் பக்கத்தில் தாண்டியே ஆக வேண்டிய கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு எதையும் தேடாமல் திரும்ப வேண்டும். எந்தக் காற்று என்று சொல்லும் உரிமை களத்தில் இருக்கும் கேப்டனுக்கு மட்டும். வெளியே நிற்கும் எனக்கு இல்லை. எனக்கு விட்டு வைத்த ஒரே வேலை டைம் அவுட். களத்தில் மூவராகக் குறைந்து, முன்னிலையில் இருந்து, மூன்று நிமிடத்திற்குள் என்றால் கேட்டே ஆக வேண்டும் என்று என் புறங்கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு போவேன். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டு வாரம் ஒரு நாள் மேட்டில் ஆட அனுமதி வாங்கினோம். போய்வரப் பேருந்துக் கட்டணம் மட்டும்தான் செலவு. அதை ஆறு மாதம் முன்பே கேட்டிருக்கலாம், கூச்சத்தால் கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒரு மாலை பிள்ளைகளுக்கு ஆசிய விளையாட்டுக் கதையைச் சொன்னேன். 2010, 2014 இரண்டிலும் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணி 2018இல் ஜகார்த்தா இறுதியில் ஈரானிடம் 24–27 என்று தோற்றது. அந்த ஈரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்பதைச் சொன்னதும் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு, நம்ம நாட்டுப் பயிற்சியாளரை ஏன் அங்கே போக விட்டார்கள் என்று சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து 2023இல் ஹாங்சோவில் முதல் ஆட்டத்தில் சீன தைபேயோடு 34–34 என்று சமன் செய்து, அதே அணியை இறுதியில் 26–25 என்று ஒரு புள்ளியில் வென்றார்கள். அதைக் கேட்டதும் வலது கார்னர் முதல் முறையாக வாயைத் திறந்து, “அவுங்களும் கடைசில மூணு பேரு நின்னாகளா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளே கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் விவரிக்க ஆரம்பித்தாள், அன்றுதான் எங்களுக்குள் பேச்சு திரும்பியது.

தோற்ற நாளுக்கென்று ஒரு நடைமுறையையும் எழுதி வைத்தோம். விசில் ஊதியதும் எதிரணிக்கும் நடுவருக்கும் கை கொடுத்துவிட்டு முதலில் தண்ணீர், பிறகு அடிபட்டதைப் பார்ப்பது, பிறகு சோறு. பரிசளிப்பு முடியும் வரை இருப்பது. வேனில் ஆட்டத்தைப் பற்றி நான் பேசக் கூடாது. பாட்டுப் போடுவதும் தூங்குவதும் அவர்கள் விருப்பம். வீடியோ குழுவில் வராது. கேப்டனிடமும் என்னிடமும் மட்டும் இருக்கும். மறுநாள் பயிற்சி கிடையாது. அதற்கு அடுத்த நாள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் தான் ஆடியதை மட்டும் பேச வேண்டும், அடுத்தவளைப் பற்றிப் பேசக் கூடாது. இளையவள் தொடங்க வேண்டும், ஏனென்றால் கேப்டன் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். நான் கடைசியில், பத்து நிமிடத்திற்குள். பத்து நிமிடம் ஆனதும் இளையவள் கையைத் தட்டுவாள், அதில் அவளுக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

ஜூலையில் பக்கத்திலேயே ஒரு நாள் போட்டி ஒன்றுக்குப் போனோம். பெரிய பரிசு இல்லாத, நமக்கு நிகரான அணிகள் வரும் போட்டியாகத் தேடிப் பிடித்தேன். அடிபட்ட அணியை மறுபடியும் மாவட்டத்தின் மிகப் பெரிய மேடையிலேயே ஏற்றியது நான் முன்பு செய்த பிழை. அங்கும் காலிறுதியில் 22–25 என்று தோற்றோம். வேனில் உட்கார்ந்து என் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தேவிபட்டினத்தில் இறக்கிப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். தோற்றதற்கா புரோட்டா என்று ஒருத்தி கேட்டாள், பசிக்கு என்றேன். இரண்டு நாள் கழித்து வட்டத்தில் உட்கார்ந்தபோது, இடது கவர் தானாகவே, பாடிப் போனபோது கொண்டல் சொல்லியும் தான் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு ஆசைப்பட்டதாகச் சொன்னாள். மார்ச் மாதமாக இருந்தால் அதை நான் வீடியோவில் கண்டுபிடித்துக் கத்தியிருப்பேன்.

செப்டம்பரில் ஒரு சிறிய போட்டியில் முதல் பரிசு, பத்தாயிரம் ரூபாய். அக்டோபரில் இன்னொன்றில் இரண்டாம் பரிசு, ஏழாயிரம். இறுதியில் இரண்டு புள்ளியில் போனது, களத்தில் மூவர் நின்றபோது இந்த முறை டைம் அவுட் கேட்டேன், கேட்டும் போனது. அதே மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள், அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அந்த வாரம் எங்கள் களத்தில் புதிதாக ஆறு பிள்ளைகள் வந்து நின்றார்கள், எங்கள் இரண்டாம் பரிசைப் பார்த்து வந்ததாக நான் சொல்லிக்கொண்டால் அது பொய். பரிசுப் பணத்தில் ஐயாயிரத்தை வேன் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தோடு என் கைக்காசும் போட்டு ஒரு வளையலை மீட்டேன். இன்னொன்று இன்னும் கடையில்தான் இருக்கிறது, வட்டி மாதா மாதம் போகிறது. விட்டுப் போன மூவரில் திரும்பாதவளுக்கு ஆகஸ்டில் திருமணம் ஆகிவிட்டது. அவள் நின்றது என்னால்தானா, திருமணப் பேச்சாலா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பத்திரிகை கொடுக்க வந்தபோது அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

சிவகங்கைப் பக்கம் அந்த மின்னொளிப் போட்டியை நடத்தியவர்களுக்கும் ஜூன் மாதம் தொலைபேசியில் பேசினேன், சொல்லாமல் கிளம்பி வந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். பேசிய பெரியவர், “கோப்பையை எடுத்து வச்சிருக்கோம்மா, வர்றப்ப வாங்கிக்கங்க” என்றார். மூவாயிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கோப்பை இப்போது என் கடையில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் இருக்கிறது. ஒரு காது லேசாக வளைந்திருக்கிறது.

இதை எழுதும்போது டிசம்பர் மழை பெய்துகொண்டிருக்கிறது, களம் முழுக்கத் தண்ணீர். பொங்கலை ஒட்டிய அடுத்த போட்டி ஜனவரி 17ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறார்கள். 18ஆம் தேதி தை அமாவாசை. அமைப்பாளர்களிடம் தேதியை மாற்றச் சொல்ல முடியாது, கடலிடமும் சொல்ல முடியாது. முதல் ரைடரின் அப்பாவுக்குக் கால் சரியாகிவிட்டது, ஆனால் இன்னும் படகேறவில்லை. அந்த வாரம் அவளுக்குப் பதிலாக அம்மாவோடு யார் இறங்குவது என்று பேச, காலண்டரை எடுத்துக்கொண்டு நாளை மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.